ஒரே மழை, இரண்டு சாட்சி



நம்முடைய பெந்தெகொஸ்தே சபைகளில் சாட்சி வேளை என்று ஒன்று உண்டு. பாட்டும் கைத்தட்டலும் ஓய்ந்து, பிரசங்கம் ஆரம்பிக்கும் முன்னே ஒரு கால்மணி நேரம். படித்தவர், படிக்காதவர், மீன் விற்கிற பாட்டி, பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதின பையன், யார் வேண்டுமானாலும் எழுந்து நின்று, இந்த வாரம் கர்த்தர் எனக்கு இதைச் செய்தார் என்று சொல்லலாம். இது நமக்குக் கிடைத்த பெரிய சிலாக்கியம். பிரசங்கத்தை மறந்துபோகிறவர்கள்கூட சாட்சியை மறப்பதில்லை. (பிரசங்கம் செய்கிறவன் என்ற முறையில் எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான். இருந்தாலும் உண்மை அதுதான்.)

ஆனால் இந்தச் சாட்சி வேளைக்குள்ளே கடினமான ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. ஒருவர் எழுந்து, கர்த்தர் என்னைக் காத்தார் என்கிறார். நாம் எல்லாரும் அல்லேலூயா என்கிறோம். அதே பாயில் இரண்டு பேர் தள்ளி, அதே ஆபத்தில் எல்லாவற்றையும் இழந்த ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய வாயும் அல்லேலூயா சொல்லுகிறது. அவர் உள்ளம் என்ன சொல்லுகிறது? அவருக்கு முன்பாக, தப்பினவர் தன் தப்புதலுக்காக ஸ்தோத்திரம் சொல்லுவது நியாயமா?

எங்கள் தூத்துக்குடி ஜில்லாவில் இது தர்க்கம் பண்ணுவதற்காக உண்டாக்கின கேள்வி அல்ல. 2023 டிசம்பர் 17-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்மஸுக்கு இன்னும் எட்டு நாள். அன்றும் மறுநாளும் பெய்த மழையை இந்தப் பக்கத்து ஜனங்கள் ஆயுசுக்கும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் பதிவானது. இந்த வறண்ட ஜில்லாவில் ஒரு வருஷம் முழுவதும் பெய்யவேண்டிய மழையைக் காட்டிலும் அது அதிகம். தாமிரபரணி கரை மீறினது. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கத்து ஊர்கள் தீவுகளாய்ப் போயின. தூத்துக்குடி டவுனுக்குள்ளே பல தெருக்களில் நாட்கணக்காய்த் தண்ணீர் வடியவில்லை. வீடு போனது, ஆடு மாடு போனது, கடைச்சரக்கு போனது, உயிர்களும் போயின.

தண்ணீர் வடிந்து சபை மறுபடியும் கூடின முதல் ஆராதனை. பாய்களெல்லாம் நனைந்து கெட்டுப்போனபடியால் தார்ப்பாய் விரித்திருந்தோம். ஒரு சகோதரர் எழுந்தார். "எங்க தெருவுல எல்லா வீட்டுக்குள்ளயும் தண்ணி. எங்க வீட்டு வாசப்படி வரைக்கும் வந்து நின்னுச்சு. அதுக்கு மேல ஒரு அங்குலம் ஏறல. கர்த்தரு கட்டளை போட்டு நிறுத்திட்டாரு" என்றார். சபை முழங்கினது.

ஆராதனை முடிந்து எல்லாரும் போனபிறகு ஒரு சகோதரி மாத்திரம் நின்றுகொண்டிருந்தார்கள். உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள். அதே தெருதான். "பாஸ்டர், எங்க வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. பிள்ளையோட சர்டிபிகேட் எல்லாம் நனைஞ்சு கூழாப் போச்சு. நானுந்தான் ராத்திரி பூரா ஜெபம் பண்ணுனேன். அண்ணன் வீட்டு வாசல்ல தண்ணிக்குக் கட்டளை போட்டவரு, எங்க வாசல்ல ஏன் போடல?"

அவர்கள் கோபமாய்க் கேட்கவில்லை. கூலியில் பத்து ரூபாய் குறைகிறதே என்று கணக்குக் கேட்பதுபோலக் கேட்டார்கள்.

வேதாகமக் கல்லூரியில் இந்தக் கேள்விக்கு ஒரு பெரிய பெயர் வைத்திருந்தார்கள். அதைப் பற்றி இரண்டு பக்கம் பரீட்சையில் எழுதினேன், மார்க்கும் வாங்கினேன். ஆனால் சேறு படிந்த வீட்டில் நின்று, கூழாய்ப்போன காகிதத்தைக் கையில் வைத்திருக்கிற தாயிடம் அந்தப் பெரிய பெயரைச் சொல்ல முடியாது. அன்றைக்கு நான் பதில் ஒன்றும் சொல்லவில்லை. சபைப் பிள்ளைகள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குச் சேறு அள்ளப் போனேன். யோபுவின் சிநேகிதர்கள் செய்ததில் உருப்படியான ஊழியம், அந்த முதல் ஏழு நாள் வாய் திறவாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்ததுதான் (யோபு 2:13). எட்டாம் நாள் பேச ஆரம்பித்தார்கள், எல்லாம் கெட்டுப்போயிற்று.

ஆனாலும் ஒருநாள் பதில் சொல்லத்தானே வேண்டும்? நம் நடுவிலே சுலபமாய்க் கிடைக்கிற பதில் ஒன்று இருக்கிறது. அந்த வீட்டில் ஏதோ குறை இருக்கும், விசுவாசம் போதாது, தசமபாகம் கொடுக்கவில்லை, மறைவான பாவம் இருக்கும் என்கிற பதில். யாரும் நேருக்கு நேர் சொல்லுவதில்லை. ஜெபத்தில் சொல்லுவார்கள்! "ஆண்டவரே, இந்தச் சகோதரியின் விசுவாசத்தைப் பெருகப்பண்ணும்" என்று தலையில் கைவைத்துச் சத்தமாய் ஜெபித்தால், கேட்கிறவர்களுக்கு விளங்கிவிடும். பிரியமானவர்களே, இப்படிப்பட்ட ஜெபம் ஒரு அடிதான். சீலோவாமிலே கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்க நம் ஆண்டவர் இடங்கொடுக்கவில்லை (லூக்கா 13:4, 5). யோபுவைக் குற்றஞ்சாட்டின மூன்று பேர்மேலும் தேவனுக்குக் கோபம் மூண்டது என்று 42-ம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். கவனியுங்கள், அவர்கள் மூவரும் தேவனுக்காகத்தான் வாதாடினார்கள். தேவனுக்கு வக்காலத்து வாங்கியே தேவ கோபத்தைச் சம்பாதித்தார்கள்.

இதற்கு நேர் எதிரான பதிலும் உண்டு. டிப்ளமோ படித்த எங்கள் சபை வாலிபன் ஒருவன் சொன்னான்: "பாஸ்டர், அந்த வீட்டு அஸ்திவாரம் ரெண்டடி உசரம். அதுல கட்டளையும் இல்ல, ஒண்ணும் இல்ல." இவனை நான் கண்டிக்கவில்லை. அவன் சொன்ன அளவு சரிதான், நானும் போய்ப் பார்த்தேன், இரண்டடி உயரம்தான். ஆனால் உயரமான அஸ்திவாரத்தினால் வந்த பாதுகாப்பு கர்த்தரால் வந்தது அல்ல என்று யார் சொன்னது? அன்றன்றைக்குள்ள அப்பத்தைத் தரும்படி ஜெபிக்கிறோம். அந்த அப்பம் ரேஷன் கடை வழியாய் வருகிறது, அடுப்படியில் வேகிறது. அதனால் அது கர்த்தர் கொடுத்தது இல்லை என்று ஆகிவிடுமா?

ஆனால் அந்த வாலிபன் தெரியாமலே வேறொரு கதவைத் திறந்துவிட்டான். ஏன் சிலருடைய வீடு மேட்டிலும் சிலருடைய வீடு பள்ளத்திலும் இருக்கிறது? உப்பளத் தொழிலாளி ஏன் தண்ணீர் தேங்குகிற இடத்தில் குடியிருக்கிறான்? மேட்டில் சென்ட் விலை அவனுக்கு எட்டாது. குளத்தையும் ஓடையையும் தூர்த்து மனை போட்டு விற்றவர்களில் சபைக்குக் காணிக்கை கொடுக்கிறவர்களும் இருக்கலாம். தண்ணீரை ஏன் தடுக்கவில்லை என்று கர்த்தரிடம் கேட்கிற கேள்வியில் ஒரு பாதி நம்மிடம் திரும்பி வருகிறது. பாதிதான். முழுவதையும் மனுஷர் தலையில் போட்டு மீதிக் கேள்வியைத் தப்பிக்கவிட நான் சம்மதிக்கமாட்டேன். ஏனென்றால் அந்தச் சகோதரி கேட்டது நில விலையைப் பற்றி அல்ல, ஜெபத்தைப் பற்றி.

வேதத்துக்கு வருவோம். அப்போஸ்தலர் 12-ம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஏரோது ராஜா சபையைத் துன்பப்படுத்த ஆரம்பிக்கிறான். யோவானுடைய சகோதரனாகிய யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றுபோடுகிறான். பிறகு பேதுருவைப் பிடிக்கிறான், பதினாறு சேவகர் காவல், இரண்டு சங்கிலி. சபை ஊக்கமாய் ஜெபிக்கிறது. தூதன் வருகிறான், சங்கிலி கழலுகிறது, இரும்புக் கதவு தானாய்த் திறக்கிறது. நாம் ஜெபக்கூட்டங்களில் கணக்கில்லாமல் பிரசங்கித்த பகுதி இது. பேதுருவின் சங்கிலியைப் பற்றி எத்தனை செய்தி கேட்டிருக்கிறீர்கள்! யாக்கோபின் கழுத்தைப் பற்றி ஒரு செய்தியாவது கேட்டதுண்டா?

லூக்கா யாக்கோபின் மரணத்தை ஒரே வசனத்தில் எழுதிவிட்டுப் போகிறார். காரணம் சொல்லவில்லை. யாக்கோபுக்கு விசுவாசம் குறைவு என்று சொல்லவில்லை. மறுரூபமலைக்கு ஆண்டவர் கூட்டிக்கொண்டுபோன மூன்று பேரில் அவன் ஒருவன், பேதுரு இன்னொருவன். ஒரே படகுத்துறைக்காரர்கள், ஒரே நாளில் அழைக்கப்பட்டவர்கள், ஒரே ஆவியினால் நிறைந்தவர்கள். ஒருவனுக்குத் தூதன், ஒருவனுக்குப் பட்டயம்.

இப்போது அந்த ராத்திரியை நினைத்துப் பாருங்கள். பேதுரு விடுதலையாகி, மாற்குவின் தாயாகிய மரியாளின் வீட்டுக்கு வருகிறான். (அவனுக்காக ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள், அவன் வாசலில் நிற்கிறான் என்று வேலைக்காரப் பெண் சொன்னபோது நம்பவில்லை. நம் உபவாச ஜெபங்களும் அநேகந்தரம் இந்த லட்சணம்தான்.) அநேகர் கூடியிருந்தார்கள் என்று வேதம் சொல்லுகிறது. யாக்கோபின் மரணத் துக்கம் ஆறாத சபை அது. அந்தக் கூட்டத்துக்கு முன்பாகப் பேதுரு சாட்சி சொல்லவேண்டும்.

அவன் எப்படிச் சொன்னான்? 17-ம் வசனத்தை நிதானமாய் வாசியுங்கள். முதலாவது கையமர்த்துகிறான். ஆரவாரம் வேண்டாம் என்கிறான். காவல் தேடி வரும் என்ற பயமும் இருந்திருக்கலாம். எப்படியானாலும் சத்தம் அடங்கினது. பிறகு, கர்த்தர் தன்னை எப்படி வெளியே கொண்டுவந்தார் என்பதை விவரிக்கிறான். அவ்வளவுதான். தன் விசுவாசத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. யாக்கோபு ஏன் தப்பவில்லை என்று விளக்கம் இல்லை. தனக்கு நடந்ததை மறைக்கவும் இல்லை. யாக்கோபின் துக்கத்துக்காகத் தன் விடுதலையை வெளியே சொல்லாமல் விழுங்கிவிடவும் இல்லை.

இதுதான் என் மனதில் தைத்தது. துக்கப்படுகிறவர்கள் முன்னிலையில் நன்மையைச் சொல்லலாமா என்று நாம் கேட்கிறோம். பேதுரு சொன்னான். சொல்லலாம், சொல்லவேண்டும். ஆனால் நடந்ததைச் சொல்லி அதோடு நிறுத்த வேண்டும். "கர்த்தர் என்னைக் காத்தார்" என்பது சாட்சி. "எல்லார் வீட்டிலும் தண்ணீர் புகுந்தது, என் வீட்டில் புகவில்லை, ஏனென்றால் நான்..." என்று வாக்கியம் நீளும்போது அங்கே வேறொருவன் வந்து உட்கார்ந்துகொள்கிறான். அவன் பெயர் பரிசேயன். லூக்கா 18-ல் வருகிற அந்தப் பரிசேயனுடைய ஜெபம் எப்படித் தொடங்குகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? ஸ்தோத்திரத்தோடு தொடங்குகிறது! தேவனுக்கு நன்றி சொல்லித்தான் ஆரம்பிக்கிறான். ஆனால் அவனுடைய நன்றி நிற்பதற்குப் பக்கத்தில் ஒரு ஆயக்காரன் தேவைப்பட்டான். அடுத்தவன் கீழே இருந்தால்தான் என் ஸ்தோத்திரம் மேலே போகும் என்றால், அந்த ஸ்தோத்திரம் யாரைத் துதிக்கிறது?

எபிரெயர் 11-ம் அதிகாரத்தையும் சேர்த்து வாசியுங்கள். விசுவாசத்தினாலே பட்டயத்துக்குத் தப்பினவர்கள் 34-ம் வசனத்தில் இருக்கிறார்கள். பட்டயத்தினாலே மாண்டவர்கள் 37-ம் வசனத்தில் இருக்கிறார்கள். நடுவில் இரண்டே வசனம். 39-ல் எல்லாரையும் ஒன்றாய்ச் சேர்த்து, ஒரே விசுவாசத்துக்கு ஒரே நற்சாட்சி. தப்பினவர்களுக்கு முதல் வகுப்பு, தப்பாதவர்களுக்கு இரண்டாம் வகுப்பு என்று பரிசுத்த ஆவியானவர் பிரிக்கவில்லை. நாம்தான் பிரிக்கிறோம்.

இதைச் சொன்னால் சிலர், "பாஸ்டர், அப்படியானால் சாட்சியே வேண்டாம், யாருக்கும் மனக்கஷ்டம் வராதே" என்பார்கள். சாட்சி வேளையை நிறுத்திவிட்ட சபைகளையும் அறிவேன். நேரம் போதவில்லை என்று காரணம் சொல்லுகிறார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் சம்மதம் இல்லை. சின்னச் சின்ன நன்மைக்கு ஸ்தோத்திரம் சொல்லுகிற வாயை அடைத்துவிட்டால், பெரிய துக்கத்தில் கர்த்தரைத் தேடுகிற வாயும் அடைந்துபோகும். ஒரு பாட்டி எழுந்து, மூன்று நாளாய்த் தூக்கம் இல்லை, நேற்று ராத்திரி நன்றாய்த் தூங்கினேன், ஸ்தோத்திரம் என்று சொல்லி உட்காருவார்கள். வாலிபர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு வராது. இரவல் வாங்கின கோடரி தண்ணீரில் விழுந்துவிட்டது என்று அலறின ஒருவனுக்காக இரும்பை மிதக்கப்பண்ணின தேவன் அவர் (2 இராஜாக்கள் 6). தேசத்தில் யுத்தம், பஞ்சம் என்று எவ்வளவோ பெரிய காரியங்கள் எழுதப்பட்டிருக்கிற புத்தகம் அது. அதன் நடுவில் ஒரு இரவல் கோடரி! கடன்பட்ட ஏழைக்கு மாத்திரம்தான் அதன் அருமை தெரியும். உயிர்த்தெழுந்த ஆண்டவரும், ராத்திரி முழுவதும் வலை வீசி ஒன்றும் அகப்படாதவர்களுக்குக் கரையிலே கரிநெருப்புப் போட்டு மீன் சுட்டு வைத்திருந்தார். மரணத்தை ஜெயித்தவர் செய்த வேலையைப் பாருங்கள், காலைச் சாப்பாடு!

குருவிகளைப் பற்றியும் நாம் அவசரமாய் வாசிக்கிறோம். மத்தேயு 10-ல் ஒரு காசுக்கு இரண்டு குருவி. லூக்கா 12-ல் இரண்டு காசுக்கு ஐந்து. கணக்குப்படி நாலுதான் வரவேண்டும், ஐந்தாவது கொசுறு. கத்தரிக்காய் வாங்கினால் மேலே போடுகிற கறிவேப்பிலை மாதிரி. விலையே இல்லாத அந்த ஐந்தாவது குருவியையும் தேவன் மறக்கவில்லை என்கிறார் ஆண்டவர். இதில் நமக்கு எவ்வளவு சந்தோஷம்! ஆனால் மத்தேயுவில் அவர் சொன்னதில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. குருவி விழவே விழாது என்று அவர் சொல்லவில்லை. விழுகிறது. பிதாவுக்குத் தெரியாமல், அவரில்லாமல் விழுவதில்லை என்றுதான் சொன்னார். குருவி விழாதபடி கை நீட்டுகிற தேவன் வேண்டும் என்று நாம் கேட்கிறோம். விழுகிற இடத்திலும் இருக்கிற பிதாவை அவர் காட்டினார். இது போதுமா என்று கேட்டால், சில நாட்களில் போதும், சில நாட்களில் போதவில்லை என்றுதான் உண்மையாய்ச் சொல்லமுடியும். 88-ம் சங்கீதத்தை எழுதினவனுக்கும் அன்றைக்குப் போதவில்லை. அந்தச் சங்கீதம் இருளில் ஆரம்பித்து இருளிலேயே முடிகிறது. அதையும் ஆவியானவர் வேதத்துக்குள் வைத்தார், எடுத்துப்போடவில்லை.

நம் சுகமளிக்கும் கூட்டங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தேவன் இன்றும் சுகப்படுத்துகிறார் என்று நான் விசுவாசிக்கிறேன், கண்ணாலும் கண்டிருக்கிறேன். ஆனால் பவுலின் சரீரத்தில் பட்ட துணிகளைக் கொண்டுபோய்ப் போட்டபோது எபேசுவில் வியாதிகள் நீங்கினது. அதே பவுல் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று எழுதுகிறான் (2 தீமோத்தேயு 4:20). எலிசாவின் எலும்பில் பட்ட பிரேதம் உயிரோடு எழுந்தது. அந்த எலிசா வியாதியில்தான் மரித்தான் (2 இராஜாக்கள் 13). நம் திருநெல்வேலிச் சீமையிலேயே தோனாவூர் இருக்கிறதே! ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895-ல் இந்தியாவுக்கு வந்தவர்கள், திரும்பத் தாய்நாட்டுக்குப் போகவே இல்லை. கோவில்களுக்கு விடப்பட்ட பெண்பிள்ளைகளை மீட்டு வளர்த்த தாய். 1931-ல் ஒரு பள்ளத்தில் விழுந்து காலை முறித்துக்கொண்டார்கள். அதற்குப்பிறகு 1951-ல் மரிக்கும்வரை ஏறக்குறைய இருபது வருஷம் அநேகமாய்ப் படுக்கையும் அறையும்தான். அந்தப் படுக்கையில் இருந்துகொண்டே, வியாதியாய் இருக்கிறவர்களுக்கு வியாதிக்காரி எழுதினதாகப் புத்தகம் எழுதினார்கள். சொஸ்தமாயிருக்கிறவர்கள் சொல்லுகிற ஆறுதல் வியாதிக்காரர்களுக்கு எப்படிச் சுருக்கென்று குத்தும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த அம்மாவின் படுக்கைக்குப் பக்கத்தில் போய், உங்களுக்கு விசுவாசம் போதாது என்று சொல்ல எந்த ஊழியக்காரனுக்குத் துணிச்சல் வரும்? அவர்களிடம் சொல்ல முடியாததை நம் சபையில் டயாலிசிஸுக்குப் போகிற சகோதரனிடம் மாத்திரம் எப்படிச் சொல்லுகிறோம்?

மறுபடியும் மழைக்கு வருகிறேன். மத்தேயு 5:45-ல் நீதிமான்மேலும் அநீதிமான்மேலும் பிதா மழையைப் பெய்யப்பண்ணுகிறார் என்று ஆண்டவர் சொன்னார். மழை என்றால் ஆசீர்வாதம் என்றே நாம் பிரசங்கிக்கிறோம். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டு விசுவாசிக்கு அது ஆசீர்வாதம்தான், மானாவாரிப் பயிர் அவனுக்கு. ஆனால் தூத்துக்குடி உப்பளத்தில் நின்று அந்த வசனத்தை வாசித்துப் பாருங்கள். பாத்தியில் விளைந்த உப்பு ஒரு கோடை மழையில் கரைந்துபோகும், மறுபடியும் முதலிலிருந்து. ஐப்பசி பிறந்து மழை பிடித்துவிட்டால் உப்பு வாருகிற வேலை மாதக்கணக்கில் இல்லை, கூலியும் இல்லை. ஒரே சபையில் ஒருவர் மழை பெய்ய ஜெபிக்கிறார், ஒருவர் மழை பொறுக்க ஜெபிக்கிறார். இருவரும் பிள்ளைகளுக்குச் சோறு வேண்டும் என்றுதான் ஜெபிக்கிறார்கள். கர்த்தர் யாருடைய ஜெபத்தைக் கேட்பார்? மழை பெய்தால் உப்பளக்காரனுக்கு விசுவாசம் குறைவு, பெய்யாவிட்டால் கரிசல்காரனுக்கு விசுவாசம் குறைவு என்று சொல்லுவோமா? பூமிக்கு உப்பாயிருக்கிறோம் என்று சந்தோஷமாய்ப் பாடுகிறோம், உப்பு வாருகிறவர்களின் பாடு தெரியாமலே பாடுகிறோம்.

இங்கேதான் ரோமர் 12:15-ன் அருமை விளங்குகிறது. சந்தோஷப்படுகிறவனோடு சந்தோஷப்படவும் அழுகிறவனோடு அழவும் சொல்லுகிற பவுல், இரண்டையும் ஒரே வசனத்தில், ஒரே சபைக்கு, ஒரே நாளுக்குச் சொல்லுகிறான். கரிசல்காரன் தன் மழைக்கு ஸ்தோத்திரம் சொல்லட்டும், சொல்லிவிட்டு உப்பளத்துச் சகோதரியின் அடுப்பு எரிகிறதா என்று கேட்கட்டும். அந்தச் சகோதரியும், கஷ்டமானாலும், அவனுடைய கம்பு விளைந்ததற்கு ஆமென் சொல்லட்டும். இந்த இரண்டில் எது கடினம் என்று என்னைக் கேட்டால், இரண்டாவதுதான். பசியோடு இருக்கிறவன் அடுத்தவன் விளைச்சலுக்குச் சொல்லுகிற ஆமென்னுக்கு நிகரான காணிக்கை எந்தச் சபைப் பெட்டியிலும் விழுவதில்லை.

வாசப்படியில் தண்ணீர் நின்ற அந்தச் சகோதரர் தன் சாட்சியில் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்த மூன்று ராத்திரியும் அவர் வீட்டுக்குள் நாலு குடும்பம் படுத்திருந்தது. அதில் இந்த உப்பளத்துச் சகோதரியின் பிள்ளைகளும் இருந்தார்கள். இது எனக்குச் சேறு அள்ளப்போன இடத்தில்தான் தெரிந்தது. உடனே எனக்குள் ஒரு பதில் தயாராயிற்று: "அந்த வாசலில் தண்ணீர் நின்றபடியால் அல்லவா உன் பிள்ளைகள் காய்ந்த தரையில் படுத்தார்கள்!" நல்ல பதில்தான். ஆனாலும் நான் அதைச் சொல்லவில்லை. அவர்களாகச் சொன்னால் அது சாட்சி. நான் சொன்னால் அது வாயடைப்பு. சில வாரம் கழித்து அவர்களாகவே பாதியைச் சொன்னார்கள். "அண்ணன் வீடு இருந்துச்சு, அதுக்கு ஸ்தோத்திரம். சர்டிபிகேட் போனதுக்கு எனக்கு இன்னும் மனசு ஆறல பாஸ்டர்." இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்கள். இதைவிட நேர்மையான சாட்சியை நான் அதிகம் கேட்டதில்லை. டூப்ளிகேட் சர்டிபிகேட்டுக்காகப் படிவம் நிரப்பி, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அலைந்ததும் அந்த அண்ணன்தான்.

அதே டிசம்பர் 17-ம் தேதி ராத்திரி, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது உங்களுக்கு நினைவிருக்கும். தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்துப் போனது. ஏறக்குறைய 800 பிரயாணிகள், சுற்றிலும் வெள்ளம். பக்கத்தில் இருந்த புதுக்குடி கிராமத்து ஜனங்கள் தங்களிடம் இருந்த அரிசியைப் பொங்கி அவர்களுக்குப் போட்டார்கள். அவர்களுக்கும் வெள்ளம்தான், அவர்கள் வீட்டு அரிசிக்கும் அளவுதான். வந்தவர்கள் எந்த மதம், எந்த ஜாதி என்று கேட்கவில்லை. அவர்களில் நம்மைப்போல அந்நியபாஷை பேசுகிறவர்கள் எத்தனைபேர் என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். சமாரியனை உவமையாய்ச் சொன்ன நம் ஆண்டவர் அந்தக் கேள்வியைக் கேட்டு நேரம் போக்கியிருக்கமாட்டார்.

ஆகவே எங்கள் சபையில் மூப்பர்களோடு பேசி ஒரு காரியம் தீர்மானித்தோம். சாட்சி வேளை அப்படியே இருக்கும். ஆனால் நன்மை கிடைத்தவர்கள் மாத்திரம் எழுந்திருக்கவேண்டும் என்கிற எழுதாத சட்டத்தை எடுத்துப்போட்டோம். "இன்னும் கிடைக்கவில்லை, கர்த்தரிடத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லுகிறவரும் எழுந்து சொல்லலாம். அவர் சொல்லி முடித்ததும் யாரும் வசனம் சொல்லி விளக்கக்கூடாது, பக்கத்தில் இருக்கிறவர் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும். ஆரம்பத்தில் சங்கடமாய் இருந்தது. கைத்தட்டிப் பழகின ஜனத்துக்குச் சும்மா நிற்கத் தெரியவில்லை. இப்போது பழகிவிட்டார்கள். ஒரு தகப்பனார் ஏழு வாரம் தொடர்ந்து எழுந்து, "மகன் இன்னும் குடியை விடல" என்று மாத்திரம் சொல்லி உட்கார்ந்தார். எட்டாவது வாரமும் அதையே சொன்னார். ஆனால் அந்த வாரம் மகன் பின்னால் வாசல் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தான். அதற்குமேல் இன்னும் ஒன்றும் ஆகவில்லை, ஜெபித்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்ன அறிவிப்பு. ஐப்பசி மழைக்கு முன்பாக, மாடி வீடோ உயரமான அஸ்திவாரமோ உள்ள சபையார் தங்கள் பெயரையும், ஆபத்துக் காலத்தில் எத்தனைபேரைத் தங்கவைக்க முடியும் என்பதையும் எழுதிக்கொடுக்க ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். காணிக்கைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. இதுவரை ஒன்பது குடும்பங்கள் எழுதியிருக்கிறார்கள். பள்ளத்தில் குடியிருப்பவர்கள் பிள்ளைகளின் சர்டிபிகேட், ரேஷன் கார்டு, பத்திரம் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு அந்த வீடுகளில் முன்கூட்டியே கொடுத்துவைக்கலாம். மற்றவர்கள் வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெயர் எழுதிவிட்டுப் போகும்படி அன்பாய்க் கேட்டுக்கொள்ளுகிறேன்.